கள்ளி போச்சு, கருவேலம் வந்துச்சு



கண்மாய்களைப் பற்றிப் பேசின போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "இந்தச் சீமைக்கருவேலத்தை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தது யாரு?" சில பேர் கேள்வியோட பதிலையும் சேர்த்தே அனுப்பியிருந்தாங்க. வெள்ளைக்காரன் சதி, அமெரிக்கா கோதுமையில கலந்து அனுப்பினது, ஏதோ ஒரு முதலமைச்சர் ஹெலிகாப்டர்ல தூவினது, இப்படிப் பல. கோதுமையோட வந்ததா சொல்லப்படுறது பார்த்தீனியம். அது வேற செடி. மத்த ரெண்டுக்கும் பின்னாடி வர்றேன்.

ஆனா கருவேலத்துக்கு முன்னாடி இன்னொரு முள்ளோட கதையைச் சொல்லியாகணும். கருவேலம் இப்போ நிற்கிற அதே வறண்ட சீமையை ஒரு நூற்றாண்டு காலம் அடைச்சுக்கிட்டு இருந்தது சப்பாத்திக்கள்ளி. நாகதாளின்னும் சொல்லுவாங்க. இன்னைக்கு அதை நாம ஒரு பழமா மட்டும்தான் நினைவு வெச்சிருக்கோம். சின்ன வயசுல கல்லுல தேய்ச்சு முள் எடுத்து, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளைப் பார்த்து நீக்கிட்டுத் தின்ன பழம். வாயெல்லாம் சிவந்து போகும். ஆனா 1900-வாக்குல திருநெல்வேலி, இராமநாதபுரம், கோயம்புத்தூர் சம்சாரிகிட்ட இந்தக் கள்ளியைப் பத்திக் கேட்டிருந்தா, நாம இன்னைக்குக் கருவேலத்தைத் திட்டுற அதே வார்த்தைகள்லதான் அவர் திட்டியிருப்பார்.

இந்தக் கள்ளி நம்ம ஊர்ச் செடி இல்லை. கள்ளி என்று நாம் அழைக்கிற திருகுகள்ளி, சதுரக்கள்ளி எல்லாம் பாலூறும் வேறு குடும்பம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது இங்கே இவ்வளவு முக்கியத்துவம் பெற்றதற்குக் காரணம் ஒரு நிறம்.

மெக்சிகோவில் ஸ்பானியர்கள் கண்ட செல்வங்களில் வெள்ளிக்கு அடுத்தபடியாக மதிப்புப் பெற்றது கோச்சினீல் என்கிற சிவப்புச் சாயம். சப்பாத்திக்கள்ளியின் மடல் மேல் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி அது. பெண் பூச்சியைச் சேகரித்து, உலர்த்தி, பொடித்தால் சாயம். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும். இங்கிலாந்து ராணுவ அதிகாரிகளுடைய சிவப்புக் கோட்டுக்கு இந்தச் சாயம்தான். ஆனால் வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில். எதிரி நாட்டுக்காரனிடம் காசு கொடுத்து நம்ம சிப்பாய்க்குக் கோட்டுச் சாயம் வாங்குறதான்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வயிற்றெரிச்சல்.

இந்த இடத்துலதான் நம்ம சென்னை வருது. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கம்பெனியின் தலைமை மருத்துவர்களில் ஒருவர். நோயாளிகளைப் பார்த்த நேரத்தைவிடச் செடிகளைப் பார்த்த நேரம் அதிகமோன்னு தோணும், அவர் எழுதின கடிதங்களைப் பார்த்தா. நுங்கம்பாக்கத்துல பெரிய தோட்டம் வெச்சிருந்தார். மல்பெரி, பருத்தி, பட்டுப்புழு எல்லாத்தையும் முயற்சி பண்ணிப் பார்த்தவர். 1786-ல் சென்னையில் ஒரு புல்லின் மேல் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்துவிட்டு, "ஆஹா, இங்கேயே கோச்சினீல் இருக்கு"ன்னு லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். பார்த்தது வேற பூச்சி. சாயம் வரலை. ஆனா அந்த உற்சாகத்துல கம்பெனி, பேங்க்ஸ் எல்லாரும் சேர்ந்து, சரி, உண்மையான பூச்சி வரும்போது அதுக்குச் சாப்பாடு தயாராயிருக்கட்டும்னு சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள். ஆண்டர்சனுடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைப் பார்த்துக்கொண்டார். முள்ளுக்கு வேலி போட்டு, தண்ணீர் ஊத்தி வளர்த்திருக்காங்க, யோசிச்சுப் பாருங்க.

பூச்சி 1795-ல் வந்தது. நீல்சன் என்கிற படைத் தலைவர் கப்பலில் இந்தியா திரும்பும் வழியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கள்ளியோடு பூச்சியை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே தாவரவியல் பூங்காவில் வில்லியம் ராக்ஸ்பர்க் அதைப் பெற்றுக்கொண்டார். பிறகு அது சென்னைக்கும் வந்தது.

பிரச்சினை என்னன்னா, வந்தது மெக்சிகோவின் நல்ல கோச்சினீல் இல்லை. அதன் காட்டு உறவு. சாயம் மட்டம். அதோட இன்னொரு குணம். மெக்சிகோப் பூச்சி கள்ளியைக் கொல்லாமல் அதன் மேல் குடித்தனம் நடத்தும். இது அப்படி இல்லை. கள்ளியை உறிஞ்சியே சாகடித்துவிடும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பரவியிருந்தது ஒபுன்ஷியா மோனகாந்தா என்கிற கள்ளி இனம். பூச்சி அதன் மேல் விழுந்தது. வேலியா நின்ன கள்ளி, காட்டில் மண்டியிருந்த கள்ளி எல்லாம் சரிந்து விழுந்தது. சாயத் தொழிலைத் தொடங்க வந்த பூச்சி, சாயத் தொழிலுக்கு வேண்டிய செடியையே தின்னு முடிச்சிருச்சு. ஆண்டர்சன் 1809-ல் இறந்துபோனார். சைதாப்பேட்டைத் தோட்டமும் நிலைக்கவில்லை.

வியாபாரத்துல தோல்வி. ஆனா களையைப் பூச்சியால் அழிக்கலாம் என்பதற்கு உலக வரலாற்றில் முதல் உதாரணமாக ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இந்தச் சம்பவத்தைத்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. செய்ததைப் பார்த்து மத்தவங்க கத்துக்கிட்டாங்க. 1836-38 வாக்கில் அதே பூச்சியை, இந்தத் தடவை கள்ளியைக் கொல்லவே, தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860-களில் இங்கிருந்து இலங்கைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் வேலை செய்தது. அதனாலேயோ என்னவோ, அறிவியல் பெயரில் அந்தப் பூச்சி இன்றைக்கும் 'சிலோனிகஸ்'தான். பிரேசில்காரப் பூச்சிக்கு இலங்கைப் பெயர்.

இங்கே கதை முடிஞ்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

முதல் கள்ளி அடங்கினது. ஆனால் ஊரில் இன்னொரு சப்பாத்திக்கள்ளி இனமும் இருந்தது. பழைய நூல்களில் ஒபுன்ஷியா டில்லனி என்று வரும். இப்போது ஸ்ட்ரிக்டா என்பதன் வகையாகச் சேர்க்கிறார்கள். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். மஞ்சள் பூ, சிவந்த பழம். ஆனால் சிலோனிகஸ் பூச்சி இதைத் தொடவே இல்லை. ரெண்டு கள்ளிக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியலை, பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. முதல் கள்ளி விட்டுட்டுப் போன இடத்தையும் சேர்த்து இது பிடிச்சுக்கிச்சு.

இதை ஒழிக்க ஊர்க்காரங்க படாத பாடு பட்டாங்க. வெட்டினா, வெட்டின ஒவ்வொரு மடலும் மண்ணில் விழுந்த இடத்தில் வேர் விடும். பத்து துண்டா வெட்டினா பத்து செடி. எரிக்கலாம்னா பச்சையா இருக்கும்போது பிடிக்காது, உள்ளே முழுக்கத் தண்ணி. குழி வெட்டிப் புதைக்கணும், அதுக்கு ஆகிற கூலி நிலத்தோட விலையைவிட அதிகம். புதருக்குள்ள பாம்பும் காட்டுப்பன்றியும் அடையும். பாதை அடைபடும். அதே சமயம் பஞ்ச காலத்துல முள்ளைச் சுட்டுட்டு மடலை மாட்டுக்குப் போட்டுக் காப்பாத்தினதும் உண்டு, பழத்தைத் தின்னு மனுஷங்க பசியாறினதும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆக்கிரமிப்புத் தாவரம்னு நாம ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறது யாரோ ஒருத்தரோட பஞ்சகாலச் சோறாவும் இருந்திருக்கும்.

இரண்டாவது பூச்சி வந்தது 1926-ல். கோச்சினீல் குடும்பத்திலேயே வேறு இனம், டாக்டிலோபியஸ் ஒபுன்ஷியே. இலங்கைக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்து, அங்கிருந்து கடல் தாண்டித் தென் தமிழகத்துக்கு வந்தது. நாம அறுபது வருஷம் முன்னாடி அனுப்பின பூச்சிக்கு அவங்க திருப்பிச் செஞ்ச மொய்ன்னு வெச்சுக்கலாம். இது டில்லனியைக் கண்டது, விடலை. மடல் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்தது, மடல் மஞ்சளாச்சு, அழுகிச் சரிஞ்சது. ஒரு வேலியில் பூச்சி பிடித்தால் அந்த மடலை எடுத்துப் போய் அடுத்த வேலியில் போட்டால் போதும். மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம். சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் 40,000 ஹெக்டேர் அளவுக்குக் கள்ளி ஒழிந்தது என்று பூச்சியியல் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கோவையில் அரசுப் பூச்சியியல் வல்லுநராக இருந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயர் இந்தப் பூச்சிகளைப் பற்றி அப்போதே விரிவாக எழுதினார். எங்க பக்கத்துப் பெரியவங்க பேச்சுல இது ஒரு வரியாத்தான் மிஞ்சியிருக்கு: "பூச்சி விழுந்து கள்ளி போச்சு."

இதே காலத்துல ஆஸ்திரேலியாவுல நடந்ததையும் பார்த்துட்டு வந்துடுவோம், ஏன்னா அந்தக் கதை நம்ம கதையோட ஒட்டிப் பிறந்தது. 1788-ல் கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குப் போன முதல் கப்பற்படையின் தலைவர் ஆர்தர் பிலிப், வழியில் அதே ரியோவில் நிறுத்தி, அதே கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிக்கொண்டார். நோக்கமும் அதே சிவப்புச் சாயம். பூச்சி பிழைக்கலை. கள்ளி பிழைச்சது. பின்னாடி வந்த வேறு கள்ளி இனங்களும் சேர்ந்து, 1920-களில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் 2.4 கோடி ஹெக்டேர் கள்ளிக்காடு. தமிழ்நாட்டோட மொத்தப் பரப்பு 1.3 கோடி ஹெக்டேர்தான்னு நினைச்சா அளவு புரியும். குடியேறின விவசாயிகள் வீட்டை அப்படியே விட்டுட்டுப் போனாங்க. ஆர்சனிக் விஷம் தெளிச்சுப் பார்த்தாங்க, கள்ளியை விட மத்ததுதான் செத்துது.

1912-ல் ஆஸ்திரேலியர்கள் இரண்டு பேரை உலகம் சுற்றி வரச் சொல்லி அனுப்பினார்கள். கள்ளியைத் தின்னும் பூச்சி எங்கே இருக்குன்னு தேட. அவர்கள் தேடிப் போன ஊர்களில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. நம்ம சிலோனிகஸ் பூச்சி இப்படித்தான் குயின்ஸ்லாந்து போய் அங்கிருந்த மோனகாந்தா கள்ளியை அழித்தது. ஆனால் முக்கிய எதிரியான ஸ்ட்ரிக்டாவுக்கு வேறு மருந்து வேண்டியிருந்தது. 1925-ல் ஆலன் டாட் அர்ஜென்டினாவில் இருந்து சுமார் மூவாயிரம் அந்துப்பூச்சி முட்டைகளை அனுப்பினார். காக்டோபிளாஸ்டிஸ் என்று பெயர். அதன் புழு மடலைக் குடைந்து உள்ளே இருந்து தின்னும். அந்த மூவாயிரத்தில் இருந்து பெருக்கி, கோடிக்கணக்கில் முட்டைகளைக் காகிதத்தில் ஒட்டி விநியோகித்தார்கள். 1933-க்குள் கள்ளிக்காடு பெரும்பகுதி சரிந்தது. பூனார்கா என்ற ஊரில் இந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி ஒரு நினைவு மண்டபமே கட்டியிருக்கிறார்கள். ஒரு பூச்சிக்கு ஊர்ப் பொது மண்டபம்!

அதே குயின்ஸ்லாந்தில், கள்ளி வெற்றியின் சூடு ஆறுறதுக்குள்ள, 1935-ல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து நூற்றுச் சொச்சம் தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். வால்டர் ஃப்ராகட் என்கிற பூச்சியியலாளர் வேண்டாம்னு கத்தினார். கேட்கலை. தேரை கரும்பு வண்டைத் தவிர மத்த எல்லாத்தையும் தின்னுச்சு. தன்னைத் தின்ன வந்த பாம்பையும் விலங்குகளையும் தன் விஷத்தால கொன்னுச்சு. இன்னைக்கு வரைக்கும் அது கண்டத்தோட வடக்குப் பக்கம் பூரா பரவிக்கிட்டே இருக்கு.

ரெண்டுக்கும் வித்தியாசம் எளிசு. பூச்சி கள்ளியைத் தவிர வேற எதையும் தின்னாது, கள்ளி இல்லைன்னா அதுவும் செத்துடும். தேரை வாய்க்குள்ள போற எதையும் தின்னும். இப்போது எந்த நாட்டிலும் ஓர் உயிரியை இறக்குமதி செய்யும் முன், அது வேற எதைத் தின்னும் என்று பல வருஷம் அடைத்து வைத்துச் சோதிக்கிறார்கள் என்றால் இந்த மாதிரி அடிகள் பட்டதால்தான். அந்த வெற்றிகரமான அந்துப்பூச்சியே கூடச் சுத்தமான கதை இல்லை. 1957-ல் கரீபியனில் நெவிஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தீவு தீவாகத் தாவி 1989-ல் ஃபுளோரிடாவில் தென்பட்டது. ஃபுளோரிடாவுக்கும் மெக்சிகோவுக்கும் சப்பாத்திக்கள்ளி களை இல்லை, சொந்தச் செடி. மெக்சிகோவில் அது கொடியில் இருக்கிற சின்னம், சமையலில் தினசரிக் காய். ஒரு நாட்டுக்கு மண்டபம் கட்டி வெச்ச பூச்சி, இன்னொரு நாட்டுக்குப் படையெடுப்பு.

சரி, நம்ம ஊருக்குத் திரும்பலாம்.

கள்ளி போச்சு. அப்புறம் அந்த இடம் என்ன ஆச்சு? நான் இந்த எபிசோடுக்காகப் படிச்சப்போ எனக்கு உறுத்தினது இதுதான். கள்ளியைப் பூச்சி எப்படிக் கொன்னுச்சுன்னு எழுதினவங்க பல பேர். கள்ளி செத்த நிலத்துல என்ன முளைச்சுதுன்னு அக்கறையா எழுதினதை நான் பார்க்கலை. ஏன்னா அது யாரோட வேலையும் இல்லை. பூச்சியியல் துறைக்குப் பூச்சி ஜெயிச்சா வேலை முடிஞ்சுது. வருவாய்த் துறைக்கு நிலம் பட்டாவில் ஏறினா போதும். விவசாயம் செய்ய முடிஞ்ச இடத்துல செஞ்சிருப்பாங்க. மீதி மேய்ச்சல் தரை, கண்மாய்ப் புறம்போக்கு, ஓடைக்கரை எல்லாம் சும்மா கிடந்திருக்கும். சும்மா கிடக்கிற, ஆடு மேய்ஞ்சு தேய்ஞ்ச வறண்ட நிலம் ரொம்ப நாள் சும்மா இருக்காது.

இப்போ நீங்க கேட்ட கேள்விக்குப் பதில். சீமைக்கருவேலம் நம்ம ராஜதானிக்கு வந்தது ஹெலிகாப்டர் கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி. 1876-ல் சென்னை மாகாண வன அதிகாரி கர்னல் பெட்டோம், விறகுக்கு உதவுகிற, வறட்சி தாங்குகிற மரம் என்று இதன் விதையைக் கேட்டுக் கடிதம் எழுதினார். 1877-ல் ஜமைக்காவில் இருந்து வந்த விதையைக் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். வருஷத்தைக் கவனிங்க. தாது வருஷப் பஞ்சம். ரயில் என்ஜினுக்கும் அடுப்புக்கும் விறகு கேட்டு காடு எல்லாம் மொட்டையாகிக்கிட்டு இருந்த நேரம். பெட்டோம் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி அவர் எழுதின புத்தகங்களைத் தாவரவியலாளர்கள் இன்னைக்கும் புரட்டுறாங்க. சதின்னு சொன்னா நமக்குச் சௌகரியம். உண்மை என்னன்னா, விறகு இல்லாத ஊருக்கு விறகு கொடுக்க நினைச்சிருக்காங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம அரசாங்கமும் அதே காரணத்துக்காக அதையே செஞ்சுது. விறகும் கிடைச்சுது, அதையும் மறுக்கக் கூடாது.

ஆக, 1930-களில் கள்ளி சரிஞ்சப்போ கருவேலம் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்த விருந்தாளி. கள்ளி போன ஒவ்வொரு ஏக்கரிலும் இதுதான் முளைச்சுதுன்னு நான் சொல்ல வரலை. அப்படிக் கணக்கு யாரும் எடுக்கலை. ஆனா இதோட வழி ரொம்ப சுலபம். காய் இனிக்கும். ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டி ஓட்டு விதை குடலைக் கடந்து, முளைக்கத் தயாராகி, கூடவே எருவோட மண்ணில் விழும். மழை பெஞ்சா ஆற்றுத் தண்ணியோட அடுத்த கண்மாய். வேர் ஆழமாப் போகும். அடியோட வெட்டினா தூரில் இருந்து ஒண்ணுக்கு நாலு கிளையா வரும். கள்ளியை வெட்டினா மடல் முளைச்ச மாதிரி, இதை வெட்டினா தூர் முளைக்குது.

காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுது, நிழலில் நின்றால் மாடு மலடாகும், இப்படியெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அதுக்கு எந்த ஆதாரமும் இல்லை, தயவுசெய்து அனுப்பாதீங்க. அந்த மரத்தைக் குறை சொல்ல நிஜமான காரணமே போதுமான அளவு இருக்கு. கண்மாய்க்குள் அடர்ந்து நீர்ப்பிடிப்பைக் குறைக்குது, வரத்துக்காலை அடைக்குது, கீழே புல்லை வளர விடறதில்லை. கோடியக்கரையில் வெளிமான் மேய்கிற புல்வெளிக்குள்ள இது புகுந்ததுதான் அங்கே வனத்துறைக்குப் பெரிய தலைவலி.

அப்போ கள்ளிக்கு விட்ட மாதிரி இதுக்கும் ஒரு பூச்சியை விட்டா என்ன? நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்கா 1987-ல் விட்டது. ஆனா மரத்தைக் கொல்ற பூச்சி இல்லை, விதையை மட்டும் தின்கிற வண்டு. ஏன்னா அங்கே பண்ணைக்காரங்களுக்குக் காய் தீவனமா வேணும், நிழல் வேணும், விறகு வேணும். பரவக் கூடாது, ஆனா சாகவும் கூடாது. பலன் சுமார்தான். வண்டு காய்க்கு வந்து சேர்றதுக்குள்ள ஆடு காயைத் தின்னுட்டுப் போயிடுது.

கென்யாவில் வேற மாதிரி. பாரிங்கோ பகுதியில் 1980-களில் வளர்ச்சித் திட்டம் என்று இதை நட்டார்கள். 2006-ல் அங்கிருந்த இல்சாமஸ் மேய்ப்பர்கள் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்டையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். இனிப்புக் காயைத் தின்னு தின்னு பல் கொட்டிப் போன ஆடு. சாட்சி சொல்ல அதுக்கு வாய் தேவைப்படலை, வாயைத் திறந்து காட்டினா போதும்.

நம்ம ஊரிலும் நீதிமன்றம்தான். மதுரைக் கிளையில் வைகோ தொடுத்த வழக்கில், 2017 தொடக்கத்தில் தென்மாவட்டங்கள் உட்படப் பல மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவு வந்தது. கெடு வைத்தார்கள், மேற்பார்வைக்கு வழக்கறிஞர்களை நியமித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அரிவாளோட கிளம்பினாங்க, ஜேசிபி ஓடுச்சு. அதே வருஷம் சென்னையில் முதல் அமர்வு, அறிவியல் ஆய்வு இல்லாமல் இப்படி வெட்டலாமா என்று இடைக்காலத் தடை விதித்தது. அதற்குப் பிறகும் வழக்கு, குழு, அறிக்கை என்று ஓடி, 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கும் சூழல் மீட்டெடுப்புக்கும் என்று ஒரு கொள்கையே வெளியிட்டது. தலைப்பிலேயே ரெண்டும் சேர்ந்து இருக்கு. அகற்றுவது, மீட்டெடுப்பது. கள்ளி காலத்தில் இந்த ரெண்டாவது வார்த்தை இல்லை. அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

ஆனா களத்துல நடக்கிறது முதல் வார்த்தை மட்டும்தான்னு எனக்குத் தோணுது. எங்க ஊர்க் கண்மாயையே சொல்றேன். 2017-ல் வெட்டினாங்க. நான் ஊருக்குப் போயிருந்தப்போ கண்மாய் உள்வாய் பளிச்சுன்னு இருந்தது. கரையில் இருந்து பார்த்தா அந்தப் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிஞ்சுது. எங்க பெரியப்பா, "நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்தது"ன்னார். மரத்தை ஏலம் எடுத்தவருக்குத் தூர் வேண்டாம், கட்டைதான் வேணும். மேலே அறுத்துக்கிட்டுப் போயிட்டார். அடுத்த ஐப்பசி மழைக்குத் துளிர்த்தது. நாலு வருஷம் கழிச்சுப் போனா பழைய அடர்த்தி, இந்தத் தடவை ஒரே தண்டா இல்லாம புதர் புதரா. வெட்டின வேகத்துல ஒரு நாட்டுக் கருவேலங்கன்றோ, ஒரு நீர்மருதோ யாரும் நடலை. நட்டாலும் மூணு வருஷம் ஆடு வாய் வைக்காமப் பார்த்துக்க ஆள் வேணும். ஏலத்துக்குக் கணக்குத் தலைப்பு இருக்கு. மூணு வருஷக் காவலுக்குத் தலைப்பு இல்லை.

இன்னொன்னும் சொல்லணும். எங்க தெருவிலேயே மூணு குடும்பம் கரிமூட்டத்தை நம்பித்தான் இருக்கு. விவசாயம் பொய்த்த வருஷங்கள்ல, கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு, பத்து நாள் புகையில் கண்ணு சிவக்கக் காத்திருந்து எடுக்கிற கரிதான் பிள்ளைகளோட பள்ளிக்கூடச் செலவு. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் எத்தனையோ ஊர்ல இதுதான் நிலைமை. இராமநாதபுரத்துச் சரணாலயக் கண்மாய்கள்ல சில இடங்கள்ல நாரை, கொக்கு கூடு கட்டுறதும் இந்த மரத்து மேலதான், ஏன்னா அங்கே வேற மரம் மிஞ்சலை. ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்தா அந்தப் பறவை எங்கே உட்காரும்? ஒரு பக்கத்துல இருந்து எடுத்து, நாட்டு மரம் வளர வளர அடுத்த பக்கத்தை எடுக்கணும். பத்துப் பதினைஞ்சு வருஷ வேலை. கெடு வைத்த உத்தரவுக்குள் அது அடங்காது.

கடைசியா ஒண்ணு. போன பொங்கலுக்கு ஊர்ல இருந்தப்போ, மேட்டுக்காட்டு வரப்பில் ஒரு சப்பாத்திக்கள்ளி நிற்கிறதைப் பார்த்தேன். இடுப்பளவு உயரம், நாலஞ்சு பழம். கிட்டே போய்ப் பார்த்தா ரெண்டு மடல் மேல வெள்ளைப் பஞ்சு. நூறு வருஷம் ஆச்சு, பூச்சி இன்னும் அங்கேதான் இருக்கு. கள்ளியும் இருக்கு. எது எதை முழுசா ஒழிக்கலை. கள்ளி கொஞ்சம் பெருகினா பூச்சி பெருகும், கள்ளி குறைஞ்சா பூச்சியும் குறையும். கூட வந்த அண்ணன் மகன், "சித்தப்பா, இது என்ன பூஞ்சையா?"ன்னு கேட்டான். ஒரு குச்சியால எடுத்து அவன் உள்ளங்கையில வெச்சு நசுக்கச் சொன்னேன். கை சிவந்துபோச்சு. ரத்தம்னு நினைச்சுப் பயந்துட்டான். பம்ப்செட்ல கழுவியும் சாயங்காலம் வரைக்கும் போகலை.